ஜெர்மனி படிப்பு: முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: ஈரோட்டில் இருந்து எழுதுகிறேன். இந்த வருடம் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன், சிஜிபிஏ 7.8, அரியர் இல்லை. ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்க ஆசை. பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உடனே சீட் வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி முன்பணம் கேட்கிறது. அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கத் தயாராக இருக்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள் தம்பி. உங்கள் மார்க்குக்கு அரசுப் பல்கலைக்கழகங்களிலேயே முயற்சி செய்யலாம், முதலில் அதைச் செய்யுங்கள்.

ஜெர்மனியில் 1.0 தான் உச்ச மதிப்பெண், 4.0 என்றால் பாஸ். நம் மதிப்பெண்ணை மாற்ற ஒரு கணக்கு இருக்கிறது: பத்தில் இருந்து உங்கள் 7.8-ஐக் கழித்து, வரும் 2.2-ஐ ஐந்தால் வகுத்து (பத்துக்கும் பாஸ் மார்க்கான ஐந்துக்கும் உள்ள இடைவெளி அது), மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 2.3 வரும். பல இடங்களில் 2.5-க்குள் இருந்தால் போதும் என்பார்கள். இதை அந்த கன்சல்டன்சி உங்களுக்குச் சொன்னதா? தனியார் கல்லூரிகள் ஆள் சேர்த்துவிடுபவருக்கு கமிஷன் தருகின்றன, அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பேச்சே இல்லை. எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மார்க்கைவிட முக்கியம் பாடத்திட்டம். பி.இ.யில் கணிதம், மெக்கானிக்ஸ், வெப்பவியல் எல்லாம் எத்தனை கிரெடிட் படித்தீர்கள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, நண்பர்கள் போகிறார்கள் என்று டேட்டா சயின்ஸுக்குப் போட்டால் நல்ல மார்க் இருந்தும் நிராகரிப்பு வரும், இதில்தான் நம் பிள்ளைகள் நிறையப் பேர் ஒரு வருடத்தை இழக்கிறார்கள். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (டி.ஏ.ஏ.டி.) தளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளைத் தேடி, ஒவ்வொன்றின் தகுதிப் பக்கத்தையும் உங்கள் சிலபஸை பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இன்றே தொடங்க வேண்டியது ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது உங்கள் கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் சான்று. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு விசாவுக்கு இது கட்டாயம், தனியார் கல்லூரி என்றாலும் விலக்கு கிடையாது. கட்டணம் 18,000 ரூபாய். கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் அட்மிஷன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்குப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசி, சில இடங்களில் அதற்கு மாதங்கள் முன்பே மூடிவிடுவார்கள். ஏப்ரல் செமஸ்டருக்கு ஜனவரி 15, ஆனால் அப்போது தொடங்கும் படிப்புகள் குறைவு. பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாகப் போட்டால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டருக்கு அடுத்தடுத்துப் போடுவதற்கு 30 யூரோ.

சரி, பணம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை, சில நூறு யூரோ செமஸ்டர் கட்டணம் மட்டும்தான். ஆனால் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டினருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. பெர்லின் தனியார் கல்லூரிகளில் வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவைத் தாண்டுவதும் உண்டு.

விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்டில் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும். இதைக் கட்டணம் என்று நினைத்து அப்பா பயப்பட வேண்டாம், உங்கள் பணம்தான், அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். மியூனிக்கில் வாடகையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்குப் பகுதி ஊர்களில் சமாளிக்கலாம், அங்கே பொறியியலுக்கு நல்ல படிப்புகளும் இருக்கின்றன. வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டுதான், ஆனால் போன உடனே பகுதிநேர வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் பட்ஜெட் போடாதீர்கள், ஜெர்மன் தெரியாமல் தேடுவது கஷ்டம்.

அதனால் மொழியை இங்கேயே ஆரம்பியுங்கள். ஆங்கிலத்திலேயே படித்து முடித்துவிடலாம், முடித்தபின் வேலை தேட 18 மாதம் தங்கவும் விடுவார்கள், ஆனால் மெக்கானிக்கல் துறையில் இன்டர்வியூ பெரும்பாலும் ஜெர்மனில்தான். பி1 எனும் நடுத்தர மொழி நிலையாவது வந்துவிட்டால் அந்த 18 மாதம் வேறு மாதிரி இருக்கும்.

அப்பாவிடம் பத்திரம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் கடிதம் கைக்கு வந்தபின் வங்கிக்குப் போகலாம்.