விஷயம் தெரிந்தும் என் வலைப்பதிவை யாரும் முழுதாகப் படிப்பதில்லையே, எங்கே தவறு?

பெரும்பாலும் முதல் பத்தியில்தான். சமையல் குறிப்பானாலும் சரி, கணினிப் பாடமானாலும் சரி, "இன்றைய அவசர உலகில்..." என்று ஆரம்பித்தால் வாசகர் அடுத்த வரிக்கு வரமாட்டார். இணையத்தில் பலர் வரிவரியாகப் படிப்பதில்லை, மேய்கிறார்கள். இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பக்கத்தைத் திறந்தவர்களில் 79 சதவீதம் பேர் மேலோட்டமாகத்தான் பார்த்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான். அதனால் தேடி வந்தவருக்கு வேண்டிய பதிலை முதல் இரண்டு மூன்று வரிகளிலேயே சொல்லிவிடுங்கள். விளக்கம் அப்புறம் வரட்டும்.

அடுத்தது வாக்கியம். "கடவுச்சொல்லை மாற்றுவது என்பது மிகவும் முக்கியமான ஒரு விஷயமாகப் பார்க்கப்படுகிறது" என்று எழுதுகிறோம். யார் பார்க்கிறார்கள்? "ஒரே கடவுச்சொல்லை எல்லாக் கணக்குக்கும் வைத்தால், ஒன்று திருடுபோனாலே மற்றவையும் போகும்" என்றால் காரணம் புரிகிறது, சொல்கிற ஆளும் தெரிகிறார். என்னைக் கேட்டால், எழுத்துப்பிழையைவிட இந்த 'என்பது', 'ஆகும்' சுமைதான் வாசகரை விரட்டுகிறது. அதற்காகப் பிழையை விட்டுவிடலாம் என்றில்லை. தலைப்பிலேயே ஒற்றுப்பிழை இருந்தால் உள்ளே இருக்கும் தகவலையும் சந்தேகிப்பார்கள்.

தேடுபொறிக்காக ஒரே சொல்லைப் பத்து இடத்தில் திணிப்பதும் வேண்டாம். கூகுளே அதைத் தன் விதிகளில் ஸ்பாம் என்றுதான் சொல்கிறது.

எழுதியதும் பதிவேற்றாமல் மறுநாள் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பல சமயம் முதல் பத்தியை அப்படியே நீக்கினாலும் ஒன்றும் குறையாது.