கோடைகால லத்தீன் வகுப்பு: உண்மையில் பாடம் நடத்துவது யார்? (கேள்வி பதில்)

கோடைகால லத்தீன் வகுப்புகளில் பயிற்சி ஆசிரியையாகத் தொடங்கி, இப்போது ஒரு வகுப்பின் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். அங்கே பாடம் நடத்துபவர்கள், விடுதியைப் பார்த்துக்கொள்பவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

விளம்பரத்தில் ஒரு பெரிய பேராசிரியரின் பெயர் முதலில் இருக்கிறது மேடம். அவர்தான் எங்களுக்குப் பாடம் எடுப்பாரா? (கல்லூரி முதலாண்டு மாணவர்)

பெரும்பாலும் அவர் மட்டும் எடுக்க மாட்டார் தம்பி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பாடத்திட்டத்தை வகுப்பது, ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது, சில காலை வகுப்புகளை நடத்துவது எல்லாம் அவர் வேலை. ஆனால் உங்களை லத்தீன் படிக்க வைப்பவர் பயிற்சி வகுப்பு ஆசிரியர். சின்னக் குழுவில் உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டு, இரவு நீங்கள் எழுதிய வீட்டுப்பாடத்தைத் திருத்திக் கொடுப்பவர் அவர்தான். பல இடங்களில் அவர் முனைவர் பட்ட மாணவராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். அதனால் தரம் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தான் தடுமாறிய இடம் இன்னும் நினைவில் இருப்பவர், நீங்கள் தடுமாறும் இடத்தைச் சட்டென்று கண்டுபிடிப்பார்.

ஆகவே சேர்வதற்கு முன் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பயிற்சிக் குழுவில் எத்தனை பேர், அதை நடத்துவது யார், வீட்டுப்பாடம் எப்போது திருத்தப்பட்டுத் திரும்பும்? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் தைரியமாகச் சேரலாம். "எங்கள் ஆசிரியர்கள் அனுபவம் மிக்கவர்கள்" என்று மட்டும் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள்.

விதிவிலக்கும் உண்டு. ரோமில் ரெஜினால்ட் ஃபாஸ்டர் என்ற கத்தோலிக்கத் துறவி (கார்மலைட் சபையைச் சேர்ந்தவர்) 1985-இல் ஒரு கோடைகால லத்தீன் வகுப்பைத் தொடங்கினார். வாடிகனில் 40 ஆண்டுகள் போப்பாண்டவர்களின் லத்தீன் ஆவணங்களை எழுதியவர் அவர். கட்டணம் வாங்காமல், தானே பாடம் எடுத்து, வீட்டுப்பாடத் தாள்களையும் தானே தயாரித்தார். முதல் நாளிலிருந்தே உண்மையான லத்தீன் நூல்களின் வரிகளைத்தான் கையில் கொடுப்பார். இன்று பல நாடுகளில் கோடை வகுப்பு நடத்துகிறவர்களில் அவரிடம் படித்தவர்கள் நிறைய. அவர் 2020-இல் காலமானார். அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். மற்ற இடங்களில் குழுவாகத்தான் வேலை நடக்கும்.

ஒரே பாடத்துக்கு நான்கைந்து ஆசிரியர்கள் மாறி மாறி வருவார்களாமே. குழப்பமாக இருக்காதா?

முதல் சில நாள் இருக்கும். அப்புறம் அதுவே பலமாகிவிடும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் லத்தீன்–கிரேக்கக் கோடைப் பயிலகம் 1973 முதல் இந்த முறையில்தான் நடக்கிறது. கல்லூரியில் சில ஆண்டுகள் பிடிக்கும் பாடத்தை 10 வாரத்தில் முடிக்கிறார்கள். ஆசிரியர்கள் குழுவாக வேலை செய்கிறார்கள். இரவில் வீட்டுப்பாடத்தில் மாட்டிக்கொண்டால் கூப்பிட ஓர் ஆசிரியர் எந்நேரமும் இருப்பார் என்பது அந்த இடத்தின் பெயர்பெற்ற வழக்கம்.

ஒருவர் விளக்குவது புரியாவிட்டால் மறுநாள் இன்னொருவர் வேறு மாதிரி விளக்குவார். ஆனால் ஆசிரியர்கள் தினமும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இந்த முறை பலிக்காது. நாங்கள் தேர்வுத் தாள்களைத் திருத்திய கையோடு உட்கார்ந்து, யார் எதில் தவறினார்கள் என்று பார்ப்போம். "இவருக்கு விகுதி தெரியும், வாக்கியத்தில் எழுவாயைத்தான் தேடவில்லை" என்று ஒருவர் சொன்னால் அடுத்த நாள் பயிற்சி எடுப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

பயிற்சி வகுப்பில் என்னதான் நடக்கும்? எல்லோர் முன்னாலும் தவறாகச் சொன்னால் திட்டுவார்களா? எனக்கு இதுதான் பயம்.

நல்ல ஆசிரியர் திட்ட மாட்டார். ஆனால் உங்களைச் சும்மா விடவும் மாட்டார். ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஆசிரியர் "அக்ரிகொல புயெல்லம் விதெத்" என்பார். உழவர் சிறுமியைப் பார்க்கிறார் என்று பொருள். உடனே ஒருவரைக் காட்டி, "செயப்பாட்டுவினை" என்பார். அவர் "புயெல்ல அப் அக்ரிகொலா விதேதுர்" என்று சொல்ல வேண்டும். உழவரால் சிறுமி பார்க்கப்படுகிறாள். கவனியுங்கள், முதல் வாக்கியத்தில் "அக்ரிகொல" குறிலில் முடிந்தது, இரண்டாவதில் "அக்ரிகொலா" என்று நெடிலானது. அந்த நீட்டம்தான் அங்கே வேற்றுமையை, அதாவது "உழவரால்" என்பதைக் காட்டுகிறது. அடுத்தவரிடம் "பன்மை", அதற்கடுத்தவரிடம் "இறந்த காலம்" என்று போய்க்கொண்டே இருக்கும். யோசிக்க நேரம் குறைவு. தவறாகச் சொன்னால் ஆசிரியர் சரியானதைச் சொல்லி, உங்களையே திரும்பச் சொல்ல வைத்து நகர்ந்துவிடுவார். சில நிமிடத்தில் மீண்டும் உங்களிடமே வருவார். இந்த முறை சரியாகச் சொல்வீர்கள்.

எல்லோரும் தவறுவதால் யார் தவறினார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. உண்மையாகவே சொல்கிறேன், பயப்படாதீர்கள். ஒருவரை அவமானப்படுத்தும் ஆசிரியரைக் கண்டால் ஒருங்கிணைப்பாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். கடைசி நாள் கருத்துப் படிவம் வரை காத்திருந்தால் அடுத்த ஆண்டு மாணவர்களுக்குத்தான் பயன்.

மூன்றாவது வாரத்தில் நிறையப் பேர் விட்டுவிட்டுப் போவார்கள் என்கிறார்களே. அப்போது ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்?

நிறையப் பேர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வகுப்பிலும் ஒரு சுவர் உண்டு. விகுதிகளை மனப்பாடம் செய்து சமாளித்த காலம் முடிந்து, வாக்கியம் நீளும்போது அது வரும். "தீகோ புயெல்லம் வெனீரெ" என்று ஒரு வரி. சொல்லுக்குச் சொல் பார்த்தால் தமிழ் மாணவர் "சிறுமியை வரச் சொல்கிறேன்" என்றுதான் படிப்பார். லத்தீனில் அதன் பொருள் "சிறுமி வருகிறாள் என்று சொல்கிறேன்". இந்தத் தவற்றில் சிவப்பு மை போட்டுவிட்டுப் போகிறவர் ஒரு வகை. "ஏன் அப்படிப் படித்தாய்?" என்று கேட்டு, மாணவரின் தாய்மொழிதான் அவரை அந்தப் பக்கம் இழுத்தது என்று காட்டுகிறவர் இன்னொரு வகை. இரண்டாமவரிடம் படித்த மாணவர் அந்தத் தவற்றை மறுபடி செய்வது அரிது.

அந்த வாரத்தில் நாங்கள் மாலை நேரத்தில் கூடுதலாக ஒரு வாசிப்பு வைப்போம். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஓர் ஆசிரியர் நான்கு வரிக் கவிதையை எடுத்து மெதுவாகப் படிப்பார். களைத்தவர்கள்தான் அதற்கு அதிகம் வருவார்கள். லத்தீனை எதற்காகப் படிக்க வந்தோம் என்பது விகுதி அட்டவணைகளுக்கு நடுவே மறந்துபோயிருக்கும். என் கருத்தில் முழு வகுப்பிலும் இதைவிடப் பயனுள்ள மணி நேரம் இல்லை.

என் மகளுக்கு 15 வயது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். ஆசிரியர்களே இரவில் பார்த்துக்கொள்வார்களா? (ஒரு தாய்)

அம்மா, ஆசிரியர்களையே இரவுப் பொறுப்புக்கும் போடும் இடமாக இருந்தால் நான் யோசிப்பேன். நள்ளிரவு வரை தாழ்வாரத்தில் சுற்றியவர் காலையில் வகுப்பை நன்றாக நடத்த முடியாது. விடுதிக்குத் தனியாகப் பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுடன் வேலை செய்யும் ஒவ்வொருவரின் பின்னணியும் சரிபார்க்கப்பட்டதா, ஒரு பெரியவர் ஒரு மாணவியுடன் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா, இரவில் உடம்பு சரியில்லை என்றால் யார் கூட்டிப்போவார், உங்களுக்கு யார் தகவல் சொல்வார் என்று கேளுங்கள். தயங்கிக் கேட்க வேண்டியதே இல்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டதும் முகம் சுளிக்கும் அலுவலகம் உங்கள் மகளுக்கு வேண்டாம்.

லத்தீனிலேயே பேசும் வகுப்பா, இலக்கண வகுப்பா, எதில் சேரலாம்? ஆசிரியர்கள் வேறுபடுவார்களா?

ரொம்பவே வேறுபடுவார்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 1996 முதல் நடக்கும் லெக்சிங்டன் கூட்டத்தில் பங்கேற்பவர்கள் லத்தீனில் மட்டுமே பேசுவதாக ஒப்புக்கொண்டு வருகிறார்கள். இத்தாலியின் விவேரியம் நோவம் அகாடமியிலும் வகுப்பறை, சாப்பாட்டு மேசை எல்லாம் லத்தீன்தான். அங்கே ஆசிரியருக்கு ரோமானிய எழுத்தாளர் சிசெரோவின் நூல்கள் தெரிந்தால் போதாது. "தா மிஹி ஸலெம், க்வைஸோ", அதாவது "தயவுசெய்து உப்பைக் கொடுங்கள்", என்று யோசிக்காமல் வாயில் வர வேண்டும். சமையலறையில் உதவுபவர்கூட லத்தீனில் பதில் சொன்னால் அந்த வகுப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

அடிப்படையே தெரியாதவர், சீக்கிரம் நூல்களைப் படிக்க வேண்டியவர் என்றால் முதலில் இலக்கண வகுப்பு. அட்டவணைகள் தெரிந்தும் பக்கம் நகராதவர் என்றால் பேச்சு வகுப்பு. இரண்டு தரப்பு ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் குறை சொல்வதைக் கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சிசெரோவின் பெயரை எப்படிச் சொல்வது, கிகெரோவா, சிச்செரோவா? ஆசிரியருக்கு ஆசிரியர் உச்சரிப்பு மாறினால்?

பழைய ரோமானியர் "கிகெரோ" என்றனர், திருச்சபை வழக்கில் "சிச்செரோ". ஒரே வகுப்பில் ஆசிரியர்கள் ஒரே முறையைப் பின்பற்றுவது நல்லது. மாறினாலும் நீங்கள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

நான் பள்ளியில் லத்தீன் கற்பிக்கிறேன். கோடை வகுப்பில் ஆசிரியராகச் சேர என்ன எதிர்பார்ப்பார்கள்?

பட்டத்தைப் பார்ப்பார்கள், ஆனால் நான் ஆள் எடுக்கும்போது அதோடு நிறுத்துவதில்லை. மாணவர் திருத்தாமல் எழுதிய ஒரு பக்க மொழிபெயர்ப்பைக் கொடுத்து, "இவருக்கு என்ன தெரியவில்லை?" என்று கேட்பேன். தவறுகளை எண்ணிச் சொல்பவர் பலர். ஐந்து தவறுக்கும் காரணம் ஒன்றே என்று கண்டுபிடிப்பவர் சிலர். அந்தச் சிலரைத்தான் தேடுகிறேன். அப்புறம் இன்னொன்று, சக ஆசிரியர் உங்கள் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் குழு வேலை ஒத்துவராது.

ஆய்வு மாணவி நான். கோடையில் பயிற்சி ஆசிரியர் வேலையை ஏற்கலாமா? ஆய்வு கெட்டுப்போகுமா?

அந்த வாரங்களில் ஆய்வு நகராது, அதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள். சம்பளம் வகுப்பு நேரத்துக்கு மட்டுமா, திருத்தும் நேரத்துக்கும் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆனால் சப்ஜங்க்டிவை (விருப்பம், ஐயம் போன்றவற்றைக் காட்டும் லத்தீன் வினைவடிவை) முப்பது விதமாக விளக்கிய பிறகு உங்கள் லத்தீனே வேறாகியிருக்கும்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது? வகுப்பின் இயக்குநரிடம்தானே?

உங்கள் வீட்டுப்பாடத்தைத் திருத்தியவரிடம் முதலில் கேளுங்கள். "முதல் வாரம் தடுமாறினார், ஆறாவது வாரம் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தார்" என்று அவரால்தான் எழுத முடியும். இயக்குநரின் கையெழுத்தும் வேண்டும் என்றால் இருவரும் சேர்ந்து எழுத முடியுமா என்று கேட்கலாம், பலர் ஒப்புக்கொள்வார்கள். கடைசி வாரத்துக்கு முன்பே கேளுங்கள். கேட்கும்போது கெடு தேதியையும், திருத்திய உங்கள் தாள்களில் இரண்டு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அலுவலகத்தில் உங்கள் சான்றிதழையும் மதிப்பெண்ணையும் அனுப்புபவர் யார் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பு முடிந்து ஊழியர்கள் கலைந்த பிறகும் அங்கே இருப்பவர் அவர் ஒருவர்தான்.