வாசகர் கேள்வி–பதில்: புதிய அரைத்தானியங்கி ரைபிளும் கனடாச் சட்டமும்

கேள்வி: அமெரிக்காவில் புதிதாக வடிவமைத்து வெளியிட்ட ஓர் அரைத்தானியங்கி வேட்டை ரைபிளைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதன் ரவைக்கூடு பத்து ரவை கொள்ளும். ஐந்துக்கு மேல் ஏறாதபடி ஆணி அடித்துத் தந்தால் கனடாவுக்குக் கொண்டுபோகலாம் என்கிறார் கடைக்காரர். என்னிடம் துவக்கு லைசென்ஸ் இருக்கிறது. முற்பணம் கட்டலாமா? (மார்க்கம் வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். கடைக்காரர் இரண்டு விதிகளைக் கலந்துவிட்டார். ஐந்து ரவை எல்லை ரவைக்கூட்டுக்கு உரியது. உங்களைத் தடுப்பது ரைபிளுக்கே உரிய வேறொரு விதி. குற்றவியல் கோவையின் 84ஆம் பிரிவில் 2023 டிசம்பர் 15 முதல் அது நடைமுறையில் உள்ளது. கைத்துப்பாக்கி அல்லாத, சென்டர்ஃபயர் ரவையை (அடிப்பாகத்தின் நடுவில் அடிபட்டு வெடிப்பது) அரைத்தானியங்கி முறையில் (விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ரவை; அடுத்தது தானே ஏறும்) சுடும் துவக்கு. ஆறு அல்லது அதற்கு மேல் ரவை கொள்ளும் கழற்றும் ரவைக்கூட்டுடன் முதலில் வடிவமைக்கப்பட்டது. அந்த நாளிலோ அதன் பின்னரோ வடிவமைத்துத் தயாரிக்கப்பட்டது. இவை எல்லாம் பொருந்தினால் அது தடைசெய்யப்பட்ட வகை (சட்டத்தின் மற்ற இரண்டு வகைகள்: கட்டுப்படுத்தப்பட்டது, கட்டுப்பாடற்றது). பெட்டிக்குள் எந்த ரவைக்கூடு வருகிறது என்பதல்ல, முதல் வடிவமைப்பு எது என்பதே கேள்வி. எனவே ஆணி உங்களைக் காப்பாற்றாது. வெளிநாட்டில் வாங்கிய தடைசெய்யப்பட்ட துவக்கைத் தனிநபர் உள்ளே கொண்டுவர வழியே இல்லை.

பழைய வடிவமைப்பு என்றாலும் உடனே நிம்மதி கொள்ளாதீர்கள். 2020 மே 1 ஆணை ஏஆர்-15, மினி-14, எம்14 உட்பட ஒன்பது குடும்பங்களைத் தடைசெய்தது. 2024 டிசம்பரில் 324 வகைகளும் 2025 மார்ச்சில் 179 வகைகளும் சேர்ந்தன. ஒரு குடும்பத்தின் மாற்று வடிவம் என்று கருதப்பட்டால், பட்டியலில் பெயர் இல்லாத மொடலும் அதில் அடங்கும். பலர் சறுக்குவது இங்கேதான்.

கனடாவின் மத்திய காவல்துறையான ஆர்.சி.எம்.பி.யின் துவக்கு ஒப்பீட்டு அட்டவணை (எஃப்.ஆர்.டி.) இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தயாரிப்பாளர், மொடல், கலிபர், குழல் நீளம் நான்கும் பொருந்தும் பதிவைத் தேடுங்கள். ஒரே மொடல் இரண்டு குழல் நீளத்தில் வந்தால் இரண்டு வகைகளில் விழலாம். அட்டவணை தானே சட்டமாகாது; அது நிபுணர் கருத்து. ஆனாலும் எல்லையில் அதற்கு மிகுந்த கனம் உண்டு. பதிவு கிடைக்காவிட்டால் கனடியத் துவக்குத் திட்டத்துக்கு விவரங்களை எழுதி அனுப்பி, எழுத்தில் பதில் வந்த பிறகே பணத்தைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: "18.5 அங்குலக் குழல்" என்று விளம்பரம் சொல்கிறது. கட்டுப்பாடற்ற வகைதானே? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: பெருக்கிப் பாருங்கள். 18.5 அங்குலம் 469.9 மில்லிமீட்டர், சென்டர்ஃபயர் அரைத்தானியங்கிக்கு எல்லை 470. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட வகை. அப்புறம் தனி லைசென்ஸ், பதிவுச் சான்றிதழ், கொண்டுசெல்லும் அனுமதி எல்லாம் வேண்டும், வேட்டைக்கும் பயன்படாது. அதனால்தான் கனடாவுக்கென்று வருபவற்றில் 18.6 அங்குலக் குழலைக் காண்கிறோம் (472.4 மி.மீ.).

அளப்பது குழல் வாயிலிருந்து ரவை அறை வரை, அறையும் சேர்த்து. தீப்பிழம்பு மறைப்பானும் பின்னுதைப்புக் குறைப்பானும் கணக்கில் வரா. 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலில் வாய்முனைப் பாகத்தைப் பற்றவைத்து நீளம் காட்டுவது அமெரிக்க வழக்கம். இங்கே அதை நம்பி வாங்க வேண்டாம். தோள்கட்டையை மடித்த நிலையில் துவக்கின் மொத்த நீளம் 660 மி.மீ.க்குக் குறைந்து, அப்படியே சுட முடிந்தாலும் கட்டுப்படுத்தப்பட்ட வகைதான். ரிம்ஃபயர் துவக்குக்கு (ரவையின் அடிப்பாக விளிம்பில் அடித்துச் சுடுவது) 470 விதி கிடையாது, 660 விதி உண்டு. குழலை நீங்களே அறுக்க நினைக்காதீர்கள்: அறுத்த ரைபிள் 457 மி.மீ.க்குக் கீழ் போனால் தடைசெய்யப்பட்டதாகிவிடும்.

கேள்வி: நானே எல்லை வழியாகக் கொண்டுவருவதா, இங்குள்ள இறக்குமதியாளரிடம் வாங்குவதா? (ஏஜாக்ஸ் வாசகர்)

பதில்: ஒரே ஒரு ரைபிளுக்கு இறக்குமதியாளரே மேல். அமெரிக்காவிலிருந்து துவக்கு வெளியேற அந்நாட்டு வணிகத் துறையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். அந்த அலைச்சலை எல்லாக் கடைகளும் ஏற்பதில்லை. நீங்களே கொண்டுவந்தால் ரவை ஏற்றாமல் எடுத்து வாருங்கள். அதிகாரி கேட்கும் முன் அறிவித்து, லைசென்ஸும் விற்பனைச் சீட்டும் காட்டுங்கள். ஒன்ராறியோவில் 13 வீத எச்.எஸ்.டி. விற்பனை வரிக்கும் பணம் ஒதுக்குங்கள். கடையில் வாங்கும்போது உங்கள் லைசென்ஸ் செல்லுபடியாகுமா என்று கடைக்காரர் துவக்குப் பதிவாளரிடம் சரிபார்த்து ஓர் எண் பெறவேண்டும். 2022 மே 18 முதல் கட்டுப்பாடற்ற துவக்குக்கும் இது கட்டாயம்.

ரைபிள் சரியாக இருந்தும் பெட்டியில் கூடவே வரும் 10 அல்லது 20 ரவைக் கூட்டால் மாட்டிக்கொள்வோர் உண்டு. சென்டர்ஃபயர் அரைத்தானியங்கி ரைபிளுக்கான அந்தக் கூடு தனியே தடைசெய்யப்பட்ட சாதனம். புறப்படும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: ரூகர் 10/22 ரைபிள் ரிம்ஃபயர்தானே, 25 ரவைக் கூடு போடலாமா? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: கூடாது. ரிம்ஃபயர் ரைபிளுக்கென்றே வடிவமைத்த ரவைக்கூட்டுக்கு எல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடு ரூகரின் சார்ஜர் என்ற கைத்துப்பாக்கிக்கும் உரியது என்று ஆர்.சி.எம்.பி. கொள்கிறது, அதனால் கைத்துப்பாக்கிக்கான 10 ரவை எல்லைதான் இதற்கும். ரைபிளுடன் வரும் 10 ரவைக் கூட்டில் சிக்கல் இல்லை.