அமுலு எவ்வளவு உயரம்?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறோம். பாட்டியோடு லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருக்கும் 7 வயது பவானிக்கு அமுலு என்று ஒரு கற்பனைத் தோழி. மூடிக் கிடக்கும் ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) இருவரும் விளையாடுகிறார்கள். போகப் போக அமுலு நல்லவள் இல்லை என்று தெரிகிறது. ஒரு பெண்ணுக்கு முகத்தில் வெள்ளைப் பவுடர் அப்பி, முடியை விரித்துப் போட்டு ஒரு காட்சி எடுத்தோம். போட்டுக் காட்டியபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எங்கே தவறு? பவானியாக நடிப்பது என் அக்கா மகள். அவளை வைத்து எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தம்பி, அந்த வெள்ளை முகத்தை எடுத்துவிடுங்கள். அமுலு படத்தில் ஒரு விநாடிகூடத் தெரியக் கூடாது. முகம் தெரிந்த உடனே பார்ப்பவர் பவுடரையும் வியர்வையையும் ஒட்டுமுடியையும் எடைபோட ஆரம்பித்துவிடுவார். விரித்த தலையும் வெள்ளை உடுப்பும் நம் ஊரில் பார்த்துப் பார்த்துப் புளித்துப் போனவை. ஆனால் காட்டாமல் விட்டால் மட்டும் போதாது. வெறுமனே காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். அந்தக் காலி இடத்துக்கு உயரமும் எடையும் இருக்க வேண்டும்.

முதலில் உயரம். 7 வயதுப் பிள்ளை சுமார் 120 செ.மீ. இருக்கும், அதன் கண் 110 செ.மீ. அளவில் இருக்கும். ஆள் உயரத்துக்குக் குறையாத நீளக் குச்சி ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, தரையிலிருந்து 110, 135, 170 செ.மீ. உயரங்களில் சிவப்பு டேப் சுற்றுங்கள். முதல் காட்சியில் அமுலுவோடு பேசும்போது பவானி 110 செ.மீ. டேப்பைப் பார்க்கிறாள், இரண்டும் ஒரே வயதுப் பிள்ளைகள். ஊஞ்சல் காட்சியில் 135. சமையற்கட்டில் 170, இப்போது பிள்ளை அண்ணாந்து பேசுகிறாள். கடைசிக் காட்சியில் அவள் பார்வை உத்திரத்துக்குப் போகட்டும். அமுலு வளர்கிறாள் என்று வசனத்தில் ஒருவரும் சொல்ல வேண்டாம். பாதிப் பேர் அதைக் கவனிக்க மாட்டார்கள், ஆனால் ஏதோ சரியில்லை என்று அவர்களுக்கும் வயிற்றைப் பிசையும்.

இதில் வழக்கமாக நடக்கும் பிழை, பிள்ளையிடம் "அங்கே பார்" என்று சுவரைக் காட்டுவது. இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரைப் பார்க்கும் கண்ணும், அரை மீட்டரில் நிற்கும் ஆளைப் பார்க்கும் கண்ணும் ஒன்றல்ல. பக்கத்தில் பார்க்கும்போது கருவிழிகள் சற்று உள்ளே திரும்பும். கிட்டத்தில் எடுத்தால் கேமரா அதைக் காட்டிக் கொடுத்துவிடும். எனவே குச்சி அமுலு நிற்க வேண்டிய இடத்திலேயே இருக்கட்டும். பவானியின் முகத்தை மட்டும் எடுக்கும் ஷாட்டில் குச்சி சட்டகத்துக்கு வெளியே நிற்கும். இருவரின் இடமும் தெரியும் ஷாட்டுக்குத் தரையில் சின்னக் கோலப்பொடிப் புள்ளி வைத்துவிட்டு, குச்சியை எடுத்த கையோடு எடுக்கத் தொடங்குங்கள். பிள்ளையின் கண் சில விநாடிகள் அந்த உயரத்தை மறக்காது.

அமுலுவின் குரலும் கேட்கக் கூடாது. ஆனால் பவானி நிஜமாகவே காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. பிள்ளைக்குப் பிடித்த பெரியவர் ஒருவர் குச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து அமுலுவின் வசனத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். பயமுறுத்தும் வசனம் வேண்டாம், "நேத்து என்ன பலகாரம் சாப்பிட்ட?" போதும். பவானி கேட்டுவிட்டுப் பதில் சொல்வாள். ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு ஏறாமல் பார்த்துக்கொண்டால், எடிட்டிங்கில் பெரியவர் குரலை வெட்டி அந்த இடத்தில் அறையின் வெறும் சத்தத்தை வைக்கலாம். அதற்காக ஒவ்வோர் இடத்திலும் 60 விநாடி யாரும் அசையாமல் வெறும் சத்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள். இதை மறந்தால் வெட்டிய இடமெல்லாம் ஓட்டை விழுந்தது போல் கேட்கும்.

அடுத்தது எடை. ஆயாக்கொட்டகை உங்கள் கையில் இருக்கும் பொக்கிஷம். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போன தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போன இடம் அது. பாட்டிமார் வயதில் இருக்கும் தோட்டத்து ஆள் எவருக்கும் அந்த வரிசைத் தொட்டில்கள் மனத்தில் இருக்கும். அங்கே உத்திரத்தில் ஒரு ஸ்பிரிங் தொட்டிலைக் கட்டுங்கள், கைலித் துணி போட்டு. வெறுந்தொட்டிலைத் தட்டினால் வெடவெடவென்று ஆடி உடனே நின்றுவிடும். பிள்ளை கிடக்கும் தொட்டில் நிதானமாக ஏறி இறங்கும். பிள்ளை வளர்த்த எந்தக் கைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ஸ்பிரிங்கில் தொங்கும் எடை நான்கு மடங்கானால் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் இரண்டு மடங்காகும். ஆகவே முதல் காட்சியில் 3 கிலோ அரிசிப்பை, கடைசியில் 12 கிலோ. துணிக்குள் பை தெரியாதபடி துண்டால் சுற்றி வையுங்கள். அந்தப் பக்கம் பவானியின் பார்வை மேலே போகப் போக, இந்தப் பக்கம் தொட்டில் தரையை நோக்கித் தாழ்ந்துகொண்டே வரும்.

தொட்டிலை நைலான் கயிறு கட்டி இழுக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். வேண்டாம். கை இழுக்கும் தாளமும் ஸ்பிரிங்கின் தாளமும் ஒட்டாது, இழுப்பது அப்பட்டமாகத் தெரியும். ஒருவர் கையால் ஆட்டிவிட்டு விலகட்டும். முதல் இரண்டு ஆட்டத்தை வெட்டிவிட்டு மூன்றாவதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பார்த்து, உத்திரம் கறையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையை ஏற்ற வேண்டும். எடை ஏறிய தொட்டிலுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தாதீர்கள். அந்த ஷாட்டுகளைத் தனித்தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

கதைக்கு வருவோம். கற்பனைத் தோழியை வைத்திருப்பது கோளாறு அல்ல. ஒரிகன் பல்கலைக்கழகத்தின் மார்ஜரி டெய்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்குள் 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு எப்போதாவது அப்படி ஒரு துணை இருந்திருக்கிறது. பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுவதும் அந்தக் கணக்கில் சேரும். அது பாவனை என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கேள்வி கேட்கும் பெரியவருக்கே "இது சும்மாதான்" என்று நினைவுபடுத்துவார்கள். உங்கள் படத்தின் உயிர்நாடி இந்தச் சொல்லில் இருக்கிறது. முதல் காட்சியில் பவானி சிரித்துக்கொண்டே "அமுலு சும்மாதான் பாட்டி" என்று சொல்லட்டும். எட்டாவது நிமிடத்தில் பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கிறார்: "அமுலு சும்மாதானேம்மா?" பவானி 170 செ.மீ. டேப்பை ஒருமுறை பார்க்கிறாள். அனுமதி கேட்பது போல. பதில் சொல்லவில்லை. பாட்டியின் முகத்துக்குப் போகாமல், உரிப்பதை நிறுத்திய கைகளிலேயே நான்கு விநாடி நில்லுங்கள்.

அமுலுவுக்குத் தெரிந்த விஷயங்களையும் படிப்படியாக ஏற்றுங்கள். மழை வரும் என்று அமுலு சொன்னாளாம்; அதை எந்தப் பிள்ளையும் சொல்லும். பாட்டி தொலைத்த மோதிரம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறதாம், பவானியே பார்த்திருக்கலாம். மூன்றாவது, பாட்டி சிறுபிள்ளையாக அதே கொட்டகையில் கிடந்தபோது அவரைக் கூப்பிட்ட செல்லப்பெயர். அதைத் தெரிந்தவர் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. இந்த வரிசையைக் கலைத்து மூன்றாவதை முதலில் வைத்தால் மிச்சம் எட்டு நிமிடத்துக்குப் படத்தில் ஒன்றும் இருக்காது. பாட்டி திருநீறு மந்திரித்து வாங்கி வரலாம், அது நம் வீட்டு வழக்கம். ஆனால் உடுக்கை அடித்துப் பேயோட்டும் காட்சி வேண்டாம். அந்தச் சத்தம் நீங்கள் பொத்திப் பொத்திச் சேர்த்த அமைதியை அடித்துக்கொண்டு போய்விடும். உங்கள் தோட்டத்தில் நிஜமாகவே இறந்துபோன பிள்ளை எதையும் கதைக்குள் இழுக்காதீர்கள். அந்தக் குடும்பம் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும்.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயம் மட்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவை விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். 30 பிரேம், 1/60 வைத்தால் டியூப் விளக்கடியில் படம் துடிக்கும். இன்னொன்று தகரக் கூரை. பிற்பகல் மழை பிடித்தால் ஒரு வசனமும் தேறாது. இரவுக் காட்சிகளைக் காலை 8லிருந்து 11 மணிக்குள், சன்னல்களைக் கறுப்புக் குப்பைப்பையால் இரண்டடுக்கு மூடி எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் உள்ளே வெக்கை தாங்காது. பிள்ளையும் இரவில் கண்விழிக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் அக்கா மகள். இந்தப் பதிலில் முக்கியமானது இதுதான். பயந்த முகம் வேண்டும் என்று அவளைப் பின்னாலிருந்து திடுக்கிட வைக்கவே கூடாது. ஒருமுறை செய்தால் அப்புறம் அவள் உங்களை நம்பி எதையும் செய்ய மாட்டாள்; தூக்கம் கெடுவது வேறு. அவளுக்குப் பயப்படத் தெரிய வேண்டியதே இல்லை, பயம் பாட்டியின் வேலை. ஸ்டான்லி குப்ரிக் 1980இல் எடுத்த 'தி ஷைனிங்' படத்திலும் கண்ணுக்குத் தெரியாத துணையோடு பேசும் ஒரு சிறுவன் வருகிறான். அதில் நடித்த டேனி லாய்டுக்கு அது திகில் படம் என்பதே தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். நீங்களும் அவளுக்கு ஒளிந்து விளையாடும் கதையாகவே சொல்லுங்கள். முழுக்கதையும் அக்காவுக்கும் மாமாவுக்கும் முதலிலேயே தெரிய வேண்டும். இருவரில் ஒருவர் எப்போதும் படப்பிடிப்பில் இருக்க வேண்டும். சொந்தக்காரப் பிள்ளைதானே என்று நேரத்தை இழுக்காதீர்கள். பிள்ளைகள் வேலை பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 15 வயதுக்குட்பட்டவருக்கு வைத்திருக்கும் அளவு நாளுக்கு 6 மணி நேரம். தொடர்ந்து 3 மணி நேரத்துக்குப் பின் 30 நிமிடமாவது ஓய்வு. பள்ளி நாளில் பள்ளி நேரத்தையும் சேர்த்தே 7 மணி நேரம்தான். 7 வயதுக்கு அதுவும் அதிகம். 3 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். சம்பளம் கொடுப்பதாக இருந்தால் உரிமம் பற்றித் தொழிலாளர் இலாகாவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் முடிந்ததும் குச்சியிலிருந்து டேப்பை அவளே உரித்து எடுக்கட்டும், கோலப்பொடிப் புள்ளியை அவளே காலால் அழிக்கட்டும். அமுலு உங்கள் வேலைக்காகச் செய்த பொருள் என்பது அவள் கைக்குத் தெரிந்துவிடும். மறுநாள் நீங்கள் மறுபடி அளந்து ஒட்டிக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் "நான் நடிச்சதக் காட்டுங்க" என்று கட்டாயம் கேட்பாள். முழுப்படத்தைக் காட்டாதீர்கள். அவள் சிரிக்கும், ஆடும், ஓடும் துண்டுகளை மட்டும் எடுத்து, பாட்டு ஒன்று போட்டு, 2 நிமிடத்தில் அவளுக்கென்று தனியாக ஒரு படம் வெட்டி வையுங்கள்.