ஏழாம் வகுப்புப் பிள்ளை வார்த்தைக் கணக்கைக் கண்டாலே திணறுகிறது. வீட்டுப்பாடத்தில் எப்படி உதவுவது?

வழிமுறையைச் சொல்லித் தருவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பென்சிலை எடுக்கும் முன்பே, "விடை ஏறத்தாழ எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். என் மகளுக்கு மூன்று ஆண்டுகளாக மாலையில் நான்தான் கணக்குச் சொல்லித் தருகிறேன். எனக்குக் கைகொடுத்தது இந்த ஒரு கேள்விதான்.

ஒருநாள் வந்த கணக்கு இது: ஒரு வேலையை 'அ' 6 நாளில் முடிப்பார், 'ஆ' 3 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? மகள் யோசிக்கவே இல்லை. 6-ஐயும் 3-ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, நாலரை நாள் என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிட்டாள். தவறு என்று நான் சொல்லவில்லை. "ஆ தனியாகவே மூன்று நாளில் முடித்துவிடுவார். உதவிக்கு ஒருவர் வந்த பிறகு நாலரை நாள் ஆகுமா?" என்றேன். "வந்தவர் பேசிக்கொண்டே இருந்தால் ஆகும்" என்றாள். சிரித்து முடித்ததும் அவளே ரப்பரைத் தேடினாள்.

விடை மூன்றுக்குள் என்று தெரிந்துவிட்டது. நாள்களைக் கூட்டக் கூடாது, ஒரு நாளில் ஆகும் வேலையைத்தான் கூட்ட வேண்டும் என்பது அதன் பிறகு எளிதில் பிடிபட்டது. அ முடிப்பது 1/6, ஆ முடிப்பது 1/3. சேர்த்தால் 1/6 + 2/6 = 3/6, அதாவது பாதி. ஒரு நாளில் பாதி என்றால் இரண்டு நாள். பெருக்கற்பலனைக் கூட்டுத்தொகையால் வகுக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. அதை மனப்பாடம் செய்துதான் நான் தேர்வெழுதினேன். கணக்கில் மூன்றாவதாக ஓர் ஆள் நுழைந்ததும் திருதிருவென்று விழித்தேன். அதனால் அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

பின்னங்களுக்கும் இதே கேள்விதான். மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதாத பிள்ளை அரிது. உடனே மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) பற்றி விரிவுரை வேண்டாம். 2/5 அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்? 20% ஏற்றி 20% இறக்கினால் பழைய இடத்துக்கே வரும் என்பார்கள். 100-ஐ வைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னால் போதும், 120 ஆகி 96-இல் வந்து நிற்கும்.

ஆனால் இந்த உத்தி ஒருமுறை என் காலையே வாரிவிட்டது. போகும்போது மணிக்கு 40 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 60 கி.மீ.; சராசரி வேகம் என்ன? விடை 40-க்கும் 60-க்கும் இடையில் என்று மகள் சரியாகவே சொன்னாள். 50 என்று எழுதினாள், நானும் தலையாட்டினேன். மறுநாள் நோட்டில் சிவப்புச் சுழி. இருவரும் உட்கார்ந்து, தூரத்தை 120 கி.மீ. என்று வைத்துக்கொண்டோம். போக 3 மணி நேரம், வர 2 மணி நேரம். 240 கி.மீ. கடக்க 5 மணி நேரம், ஆக 48. மெதுவாகப் போன நேரம்தான் அதிகம். சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இப்போதெல்லாம் வேகக் கணக்கு வந்தால், தூரத்துக்கு ஓர் எண்ணை வைத்துப் போட்டுப் பார்க்காமல் அவள் என் தலையாட்டலை நம்புவதில்லை.