விளக்கு ஏற்றுவதா வேலை?

கேள்வி: பழைய கலங்கரை விளக்கங்களில் தன்னார்வலர்கள் போய்த் தங்குகிறார்களாமே, தினமும் விளக்கு ஏற்றுவார்களா?

பதில்: இல்லை, விளக்கு தானாகவே எரியும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் நியூ டஞ்சனஸ் விளக்கையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1857-இல் முதலில் எரிந்த விளக்கு. கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டின் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது, 1994 முதல் தன்னார்வலர்கள்தான் வாரம் ஒரு குழுவாக மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துத்தான் வண்டி போகும், அதனால் ஒரு வாரச் சாப்பாட்டுச் சாமான் மொத்தத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். உப்பை மறந்தால் மறந்ததுதான், சுற்றிலும் உப்புத் தண்ணீர் இருந்தும்!

அப்புறம் புல் வெட்டுவது, உப்புக்காற்றில் கறுக்கும் பித்தளையைத் தேய்ப்பது, கழிப்பறை கழுவுவது. ஆனால் பெரிய வேலை பேச்சுதான்: மணலில் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நடந்து, வியர்த்து வந்து நிற்பவர்களை மேலே கூட்டிப்போய், ஒரே கதையைச் சலிக்காமல் சொல்ல வேண்டும். படிகள் 74. இதற்குச் சம்பளம் கிடையாது, தங்குவதற்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். மாலையில் கூட்டம் போனதும் கடல் முழுக்க உங்களுக்குத்தான்.