நைல் வளையும் கினா மாகாணம்: கேள்வி பதில்

எகிப்தின் தென்பகுதியான மேல் எகிப்தில் உள்ள கினா மாகாணத்தின் நிலம், மக்கள், தொன்மை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் கீழே உள்ளன.

கேள்வி: லக்சர் கினாவில்தானே இருக்கிறது? அப்படியானால் கர்நாக் கோயிலும் கினாவைச் சேர்ந்ததுதானே?

பதில்: 2009 முதல் லக்சர் தனி மாகாணம், ஆகவே கர்நாக் இப்போது கினாவில் இல்லை. கினாவின் தனித்தன்மை நைலின் வளைவில் இருக்கிறது. லக்சரிலிருந்து வடக்கு நோக்கி வரும் ஆறு, கினா நகரை ஒட்டி மேற்கே திரும்பி நாகா ஹம்மாதியை நோக்கிச் செல்கிறது. அந்த வளைவில் ஆற்றுக்கும் செங்கடலுக்கும் இடைப்பட்ட தூரம் மிகவும் குறைவு. இம்மாகாணத்தின் நெடிய வரலாற்றில் பெரும்பகுதி அந்தக் குறுகிய பாலைவனப் பாதையால் நிகழ்ந்தது. ஆற்றோரத்தின் முதன்மைப் பயிர் கரும்பு. குஸ், தெஷ்னா, நாகா ஹம்மாதி ஆகிய ஊர்களில் சர்க்கரை ஆலைகள் இயங்குகின்றன.

கேள்வி: கினா நகருக்கு அருகிலுள்ள தெந்தேரா கோயில் சுவரில் மின்விளக்கு செதுக்கப்பட்டிருப்பது உண்மையா?

பதில்: இல்லை. நிலவறைச் சுவரில் இருப்பது தாமரை மலரிலிருந்து வெளிப்படும் பாம்பின் உருவம். அது படைப்பின் விடியலில் தோன்றும் ஹர்சொம்துஸ் என்ற தெய்வத்தைக் குறிக்கிறது. உடன் உள்ள எழுத்துகளும் அதையே சொல்கின்றன. படத்தை மட்டும் பார்த்து, அருகிலுள்ள எழுத்தைப் படிக்காமல் விடுவதால் வரும் பிழை இது. தெந்தேராவில் வியப்பதற்கு உண்மையான பொருள்களே ஏராளம். ஹாத்தோர் தேவிக்கான இன்றைய கோயிலின் கட்டுமானம் கி.மு. 54இல் தொடங்கியது. அதன் பின்சுவரில் ஏழாம் கிளியோபாட்ராவும் அவர் மகன் சிசாரியனும் தெய்வங்களுக்குப் படையலிடுகின்றனர். புகழ்பெற்ற வட்ட ராசிமண்டலச் சிற்பம் 1821இல் பெயர்த்தெடுக்கப்பட்டு இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயிலில் நீங்கள் காண்பது அதன் படி.

கேள்வி: கினா செல்ல விசாவுக்கும் பயணத்துக்கும் எவ்வளவு ஆகும்?

பதில்: எகிப்துத் தூதரகத்தையும் பயண முகவரையும் கேளுங்கள்.

கேள்வி: பழந்தமிழர் கினாவில் வாழ்ந்ததற்குச் சான்று உண்டா?

பதில்: எந்தப் பொருள் எந்த ஊரில் கிடைத்தது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் குசைர் அல்-காதிமிலும் பெரெனிகேயிலும் கிடைத்தன. இரண்டும் செங்கடல் துறைமுகங்கள். இரண்டும் கினாவில் இல்லை. குசைர் ஓடுகளில் கண்ணன், சாதன் ஆகிய பெயர்களும், இன்னொன்றில் ‘பானை ஒறி’ (உறியில் தொங்கவிடும் பானை) என்ற சொற்களும் படிக்கப்பட்டுள்ளன.

கினாவின் பங்கு வேறு வகையானது. இன்றைய கிஃப்த் நகரமே பண்டைய காப்டோஸ். முசிறியிலிருந்து வந்த மிளகும் தந்தமும் துறைமுகத்தில் இறங்கி, ஒட்டகங்களில் பாலைவனத்தைக் கடந்து காப்டோஸை அடைந்து, அங்கிருந்து படகேறி அலெக்சாண்டிரியாவுக்குச் சென்றன. பெரெனிகேயிலிருந்து காப்டோஸுக்குப் பன்னிரண்டு நாள் பயணம் என்று முதலாம் நூற்றாண்டு உரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரஸ் என்ற இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க ஆவணம், சரக்கைக் காப்டோஸுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பையும், அலெக்சாண்டிரியாவில் நான்கில் ஒரு பங்கு சுங்கம் செலுத்துவதையும் கூறுகிறது.

கேள்வி: ஓடு குசைரில் கிடைத்தாலும் குசைர்ப் பாதை கிஃப்தில்தானே முடிகிறது? தமிழர் கிஃப்த் வரை வந்து தங்கினார்கள் என்று சொல்வதில் என்ன தவறு?

பதில்: வந்திருக்கலாம் என்று சொல்வது ஊகம், தங்கினார்கள் என்று எழுதுவது வரலாறாகிவிடும். குசைர் ஓடு குசைருக்கு மட்டுமே சாட்சி. சரக்கு போன இடமெல்லாம் சரக்குக்கு உரியவரும் போயிருக்க வேண்டிய கட்டாயமில்லை.

கேள்வி: முசிறிப் பாப்பிரஸே போதுமே, ஐயா! முசிறி வணிகர் காப்டோஸில் இருந்தார்கள் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

பதில்: அந்த ஆவணம் கடன் ஒப்பந்தம் சார்ந்தது. அதன் பின்பக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் முசிறி ஓர் ஊர்ப்பெயராக வருகிறது. முசிறிக்காரர் ஒருவர் காப்டோஸில் குடியிருந்ததாக அதில் ஒரு வரியும் இல்லை. காப்டோஸ் வழியாகப் போனவர்கள் யார் என்பதை அறிய விரும்புவோர், கி.பி. 90ஆம் ஆண்டின் காப்டோஸ் கட்டணக் கல்வெட்டைப் படிக்கலாம். பாலைவனப் பாதையில் மாலுமிக்கு 5 திரக்மா (அக்கால நாணயம்), பரத்தைக்கு 108 திரக்மா என்று ஒவ்வொரு தொழிலுக்கும் அது வரி விதிக்கிறது. தமிழரின் கடல் வணிகத்துக்குக் குசைரும் பெரெனிகேயும் தரும் சான்று உறுதியானது. அதற்கு இல்லாத வீட்டைக் கிஃப்தில் கட்டித்தர வேண்டியதில்லை.

கேள்வி: தெந்தேரா மின்விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது?

பதில்: மேலே இரண்டாம் பதிலைப் படிக்கவும். இதே கேள்விக்கு இனி இங்கே விடை எழுத மாட்டேன்.

கேள்வி: நாகா ஹம்மாதி நூல்கள் அந்த நகரில் கிடைத்தவையா?

பதில்: இதிலும் இடம் முக்கியம். 1945இல் அவை கிடைத்தது நகரில் அன்று. ஆற்றின் மறுகரையில், ஜபல் அல்-தாரிஃப் மலையடிவாரத்தில். எகிப்தியக் கிறித்தவரின் மொழியான காப்டிக்கில் எழுதப்பட்டு ஒரு சாடிக்குள் புதைக்கப்பட்டிருந்த அந்நூல்கள் பெரும்பாலும் ஞானவாதக் கிறித்தவ நூல்கள்; அவை இன்று கெய்ரோவின் காப்டிக் அருங்காட்சியகத்தில் உள்ளன. நான்காம் நூற்றாண்டில் பக்கோமியுஸ் என்ற துறவி நிறுவிய துறவு மடங்கள் அதே வட்டாரத்தில் இருந்தன. நூல்கள் அம்மடத்தாருடையவையா என்ற விவாதம் தொடர்கிறது.

கேள்வி: இன்றைய கினா மக்களைப் பற்றியும் சொல்லுங்களேன்.

பதில்: இதை முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும். மொராக்கோவிலிருந்து வந்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கு மறைந்த சூஃபி அப்துர் ரஹீம் அல்-கினாவியின் பெயரில் கினா நகரின் பெரிய மசூதி இருக்கிறது. முஸ்லிம்களும் காப்டிக் கிறித்தவர்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். தண்ணீரைக் குளிர்விக்கும் நுண்துளை மண்கூசாக்களுக்கும் இந்த மண் பெயர் பெற்றது.

அதிகம் பேசப்படாதவர்கள் கிஃப்தின் அகழாய்வுத் தொழிலாளர்கள். 1893-94இல் பிரித்தானியத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அங்கு அகழ்ந்தபோது உள்ளூர்க்காரர்களைப் பழக்கினார். மறுபருவத்தில் அருகிலுள்ள நகாதாவின் ஆயிரக்கணக்கான கல்லறைகள் தோண்டப்பட்டபோதும் அவர்கள் உழைத்தனர். மண்ணின் நிறமாற்றத்தைக் கொண்டே செங்கல் சுவரைப் பிரித்தறியும் அவர்களின் திறமை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. ‘குஃப்தி’ என்பது எகிப்து முழுவதும் தேர்ந்த அகழாய்வாளரைக் குறிக்கும் பெயராயிற்று. அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் ரைஸ்னர் அவர்களைக் கீஸாவுக்கும் சூடானுக்கும் அழைத்துச் சென்றதோடு, அகழாய்வு நாட்குறிப்புகளை அரபு மொழியில் அவர்களையே எழுதவும் வைத்தார். அக்குறிப்பேடுகளில் அவர்கள் கண்டவை அவர்கள் கையெழுத்திலேயே பதிவாகியுள்ளன.